சமைத்தால் போதுமா, பரிமாறத் தெரிய வேண்டாமா?

நாலு ஓவியங்களைச் சுவரில் மாட்டி, பிரமுகர் ஒருவரை அழைத்து நாடாவை வெட்டிவிட்டால் கண்காட்சி ஆகிவிடுமா? பலருடைய எண்ணம் இதுதான். ஆனால் எந்தப் படைப்பை எடுப்பது, எதை விடுவது, எதன் பக்கத்தில் எதை வைப்பது என்று முடிவெடுக்க ஒருவர் வேண்டும். அவரைத்தான் கியூரேட்டர் என்கிறார்கள். சமையல் எவ்வளவு ருசியாக இருந்தாலும் பரிமாறத் தெரியாவிட்டால் பந்தி கெட்டுவிடும் அல்லவா? கலையிலும் அப்படித்தான்.

இந்த வேலைக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா? முடியும் என்று காட்டியது பிரான்ஸ் நாட்டின் கிரெனோபிள் நகரம். 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக ஈபெல் பட்டறையில் உருவான இரும்புக் கூடம் ஒன்று பிறகு அங்கே கொண்டுவரப்பட்டுத் தொழிற்சாலை ஆனது. நீர்மின் நிலையங்களுக்கான குழாய்களைச் செய்தார்கள். 1986இல் அதே கூடம் 'மகசான்' என்ற சமகாலக் கலை மையமாகத் திறக்கப்பட்டது. மறு ஆண்டே அங்கு ஒரு பள்ளியும் தொடங்கியது. ஐரோப்பாவில் கியூரேட்டர்களுக்கென்று தோன்றிய முதல் பயிற்சி அதுதான் என்பார்கள்.

அருங்காட்சியகத்துக்குச் சொந்தச் சேகரிப்பு இருக்கும். மகசானுக்கு அது கிடையாது. ஒவ்வொரு கண்காட்சியையும் வெறும் கூடத்திலிருந்தே தொடங்க வேண்டும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல வகுப்பறை ஏது? படைப்பை இரவல் வாங்க வேண்டும். காப்புறுதி எடுக்க வேண்டும். தாளில் வரைந்த படம் என்றால் வெளிச்சம் 50 லக்ஸ் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நிறம் மங்கிவிடும். கையில் இருக்கும் பணத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

மகசான் பள்ளியில் மாணவர்கள் ஆளுக்கொரு திசையில் போகவில்லை. சிறு குழுவாகச் சேர்ந்து ஒரு திட்டத்தை நிறைவேற்றினார்கள். இதில்தான் முக்கியமான பாடம் இருக்கிறது. தேர்ந்தெடுப்பது என்பது ஓர் அதிகாரம். கியூரேட்டர் ஒதுக்கிவிட்டால் ஒரு கலைஞரின் உழைப்பு மக்கள் கண்ணில் படாமலேயே போகலாம். ஆகவே 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்று சொன்னால் மட்டும் போதாது. ஏன் என்று பக்கத்தில் இருப்பவருக்கு எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும். குழுவில் அதற்குத் தப்பிக்க வழியில்லை.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நடந்த அந்தப் பள்ளி இன்று இல்லை. ஆனால் கண்காட்சியும் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் என்ற வழிமுறை வேறு நகரங்களிலும் வேரூன்றியது. ஆம்ஸ்டர்டாம் நகரின் டி அப்பெல் கலை மையம் 1994இல் இதே போன்ற பயிற்சியைத் தொடங்கியது.

அடுத்த முறை கண்காட்சிக்குப் போகும்போது, படத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, யார் விடுபட்டிருக்கிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்கும் பார்வையாளர்கள் பெருகினால்தான் நல்ல கியூரேட்டர்களும் உருவாவார்கள்.