பனைக்கு ஒரு பிளாஸ்டிக் கோட்டு!

நாகர்கோவில்காரனைப் பிடித்து, "பனைமரம் எப்படி வளர்ப்பது?" என்று யாராவது பாடம் நடத்துவார்களா? எனக்கு நடத்தினார்கள். அதுவும் ஒரு வெள்ளைக்காரர். அதுவும் இங்கிலாந்தில்!

2009-ல் ஆபீஸில் என்னை லண்டனுக்கு மேற்கே நாற்பது மைலில் உள்ள ரெடிங் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். போய் இறங்கிய நவம்பர் மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் ஏணி மேல் நின்றுகொண்டு, எதையோ வெள்ளைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தார். ஆள் உயரம்... சுற்றிலும் கோழிவலை... உள்ளே வைக்கோல்... 'ஐயையோ, வந்த முதல் வாரமே போலீஸ் ஸ்டேஷனில் சாட்சியா!' என்று பதறிப்போய் வேலியோரம் எட்டிப் பார்த்தால்... வாழைமரம்!

"ஜப்பான் வாழை. குளிரில் தண்டு உறைந்துவிடும். அதான் போர்வை" என்றார் பெரியவர், சர்வசாதாரணமாக.

ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு இந்த அதிசயத்தைச் சொன்னேன். "ஏலே, வாழைக்குப் போர்வையா? நான் கேட்ட கம்பளி என்னலே ஆச்சு?" என்றார். 'லைன் சரியில்லை' என்று வைத்துவிட்டேன்.

பெரியவர் ரிடயர்டு போஸ்ட்மேன். மனைவி இல்லை. பேச்சுத்துணைக்கு வாழை, பனை, பெரணி என்று ஒரு குட்டிக் காட்டையே வளர்த்து வைத்திருந்தார். நான் பனை தேசத்து ஆசாமி என்று தெரிந்ததும் மனிதருக்கு ஏக குஷி. "உங்கள் ஊரில் பனைக்கு என்ன உரம் போடுவீர்கள்?" என்று நோட்டும் பேனாவுமாக வந்துவிட்டார்.

எனக்கும் பனைக்கும் உள்ள உறவு நுங்கு, பதநீர், கருப்பட்டியோடு சரி. தென்னையை அண்ணாந்து பார்ப்பதுகூட, மண்டையில் காய் விழுமா என்று தெரிந்துகொள்ளத்தான். அதற்காக ஊர் மானத்தை விட்டுக்கொடுக்க முடியுமா? "உப்பு போடுவோம்" என்று அடித்துவிட்டேன். பயபக்தியோடு எழுதிக்கொண்டார்.

என் சாயம் சீக்கிரமே வெளுத்தது. ஒரு கடையில் முளைவிட்ட தேங்காயைத் தொட்டியில் வைத்து விற்றார்கள். ஊர்ப்பாசத்தில் வாங்கிவந்து, ஹீட்டர் பக்கத்தில் வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றினேன். பிப்ரவரிக்குள் துடைப்பக்குச்சியாகிவிட்டது. "இந்த நாட்டில் தென்னை வெளியேயும் பிழைக்காது, ஹாலிலும் பிழைக்காது. ஆசைப்படுவதை விட்டு, குளிர் தாங்குகிற ஜாதியைத் தேடு" என்றார் பெரியவர்.

அவரிடம் அப்படிப்பட்ட ஒன்று இருந்தது. டிராக்கிகார்ப்பஸ். சீனத்து விசிறிப் பனை. ராபர்ட் ஃபார்ச்சூன் என்பவர் 1849-ல் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்த ஜாதி. இந்த ஃபார்ச்சூன் லேசுப்பட்டவர் இல்லை, ஸார்! கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீனாவிலிருந்து தேயிலைச் செடியைக் கமுக்கமாக இந்தியாவுக்குக் கடத்தியதும் இவரேதான். விக்டோரியா ராணியின் ஆஸ்போர்ன் மாளிகைத் தோட்டத்திலும் இந்தப் பனை ஏறியது. தண்டு முழுக்கப் பழுப்பு நார் கம்பளி மாதிரி சுற்றியிருக்கும். அந்த நாரில்தான் சீனக் குடியானவர்கள் கயிறு திரிப்பார்கள், மழைக்கோட்டே செய்வார்கள். மைனஸ் பத்து டிகிரி எல்லாம் வேர்பிடித்த மரத்துக்கு ஜுஜுபி.

"குளிரைவிட ஈரம்தான் எமன்" என்பார் பெரியவர். பனையை நட்ட குழியில் பாதி மண், பாதி சரளை. தண்ணீர் நிற்கவே நிற்காது. தெற்குப் பார்த்த செங்கல் சுவரை ஒட்டி வைத்திருந்தார். பகல் வெயிலை உறிஞ்சிக்கொண்டு சுவர் ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்குமாம். வாழைக்கு அடியில் ஓர் அடி மூடாக்கு. மேலே தண்டு செத்தாலும் கிழங்கு பிழைத்து, கோடையில் கன்று விடும். பனை அப்படியில்லை. அதற்கு ஒரே ஒரு குருத்துதான். அது போனால் மரமே போச்சு.

அவர் அந்தப் பனையிடம் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே நின்று பேசுவார். காரணம் பிறகுதான் தெரிந்தது. ஒரு சாண் கன்றாக வாங்கி வந்து நட்டது அவர் மனைவி. அந்த அம்மாள் அடுத்த வருஷம் போய்விட்டார்.

2010 டிசம்பர். பெரியவருக்கு இடுப்பில் ஆபரேஷன். மார்ச் வரை மகள் வீட்டில் ஓய்வு. தோட்டத்துச் சாவியை என் கையில் கொடுத்து, "பனி விழுந்தால் பனை இலையைத் தட்டிவிடு. வேறு எதுவும் செய்யாதே!" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அந்த டிசம்பர் மாதிரி ஒரு குளிரை அந்த நாடு நூறு வருஷமாகப் பார்த்ததில்லை. 18-ம் தேதி விழுந்த பனியில் ஹீத்ரூ விமான நிலையமே படுத்துவிட்டது. எனக்குக் கை கால் உதறியது. குளிரால் பாதி, பனையை நினைத்துப் பாதி. சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? பெரிய பாலிதீன் பை ஒன்றைத் தலை வழியாக மாட்டி, கழுத்தில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, 'காப்பாற்றிவிட்டோம்' என்று நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம் ஆபீஸ் வேலையில் அதை மறந்தே போனேன்.

மார்ச்சில் பையைக் கழற்றினால், குப்பென்று அழுகின முட்டைக்கோஸ் நாற்றம். நடுக்குருத்தை லேசாகத்தான் இழுத்தேன். கையோடு வந்துவிட்டது.

அப்பாவுக்கு போன். "குருத்துல ஈரம் தங்குனா எந்தப் பனையும் அழுகும்லே! மூச்சுவிட வழியில்லாம பிளாஸ்டிக்கப் போட்டு யாராவது கெட்டுவானா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கப்படாதா மக்களே?" என்றார். கேட்கத்தான் தோன்றவில்லை. தானாகவே கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிற மரத்துக்குக் கோட்டு மாட்டி, அதை வேக வைத்திருக்கிறேன்!

பெரியவர் ஊன்றுகோலோடு வந்து இறங்கினார். தெரு நெடுக, வீட்டு வாசல்களில் 'டார்பே பனை' என்று அவர்கள் வளர்க்கிற நியூஸிலாந்துச் செடிகள் (அசல் பனையே இல்லை, பெயரில் மட்டும் பனை!) கூழாகிக் கிடந்தன. பழியைக் குளிர் மேல் போட்டுவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. அந்த அம்மாள் முகம் தெரியாவிட்டாலும் என்னமோ உறுத்தியது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

பெரியவர் குருத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "முப்பது வருஷம் மற்றவர்களுக்குக் கெட்ட சேதி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். முதல் தடவையாக எனக்கு ஒரு போஸ்ட்மேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இருவருமாக வைத்தியத்தில் இறங்கினோம். அழுகலைச் சுரண்டி எடுத்து, தாமிரம் கலந்த பூஞ்சண மருந்தைக் குழியில் ஊற்றினோம். மழைத்தண்ணீர் இறங்கக் கூடாது, ஆனால் காற்று வேண்டும். கழியில் குடையைக் கட்டி மேலே பிடிக்க வைத்தேன். பனைமரம் குடை பிடிக்கிற கண்காட்சியைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் வேலியில் தொற்றிக்கொண்டு சிரித்தன. ஏப்ரல், மே, ஜூன்... ஒன்றும் காணோம். டார்பேக்காரர்கள் வீடுகளில்கூட அடியிலிருந்து புதுத்துளிர் வந்துவிட்டது. நான் வேலிப்பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

ஜூலைக் கடைசியில் ஒரு நாள் காலை, ஆபீஸுக்கு டை கட்டிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அப்பாலிருந்து சத்தம். ஓடினேன். குழிக்குள்ளிருந்து சுண்டுவிரல் நீளம் பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. நுனி மட்டும் கத்தரியால் வெட்டின மாதிரி மொட்டை. பெரியவர் ஸ்கேலை வைத்து அளந்து நோட்டில் குறித்துக்கொண்டார். அப்படியே பக்கங்களைப் பின்னால் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இப்போது நீ சொன்ன அந்த உப்பைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாமா?"

பாய்ந்து போய் நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.