தட்டைத் தலைக்கு மூச்சுப் பயிற்சி!

இரும்புத்தூளைத் தூவிவிட்டுக் குனிந்து பார்ப்பார் மெக்கானிக். பக்கத்தில் நிற்கிற வண்டிக்காரர் முகத்தைப் பார்க்கணுமே... பிளஸ் டூ ரிசல்ட் போர்டு முன்னால் நிற்கிற பையன் தோற்றான்!

அமெரிக்காவில், ஃபோர்டு கம்பெனியின் பழைய ‘ஃப்ளாட்ஹெட்’ வி-8 எஞ்சினைத் தேடி வாங்கி வேகம் ஏற்றுகிற பைத்தியங்கள் இன்றைக்கும் உண்டு. 1932-ல் பிறந்த எஞ்சின். வி-8 என்றாலே பணக்காரர் சமாசாரம் என்றிருந்த காலத்தில், ஹென்றி ஃபோர்டு இரண்டு வரிசை சிலிண்டரையும் ஒரே வார்ப்பாக வார்த்து, சாமானியனுக்கும் எட்டுகிற விலையில் கொடுத்தார். அப்போது 65 குதிரைசக்தி. 1953 வரை அங்கே கார்களில் போட்டார்கள். ஆக, அந்தக் கார்களிலிருந்து கிடைக்கிற பிளாக் எதுவானாலும் எழுபதைத் தாண்டிய கிழம்!

இதில் வால்வெல்லாம் பிளாக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். மேலே இருப்பது வெறும் மூடி. அதனால்தான் தட்டைத் தலை. தொல்லை என்னவென்றால், எரிந்த புகையும் பிளாக்குக்குள் புகுந்துதான் வெளியேறணும். அந்தச் சூடு கூலிங் தண்ணீர் தலையில் விடியும். போதாக்குறைக்கு ஒரு பக்கத்துக்கு நாலு சிலிண்டர், புகை போக வழி மூன்றுதான். நடு இரண்டுக்கும் காமன் பாத்ரூம்! வருஷக்கணக்கில் வெந்து வெந்து, வால்வு உட்காரும் இடத்திலிருந்து சிலிண்டர் வரைக்கும் விரிசல் விடும்.

அதற்குத்தான் இரும்புத்தூள். பிளாக்கைக் காந்தமாக்கித் தூவினால், விரிசல் இருக்கிற இடத்தில் கோடு கட்டும். சின்னக் கோடென்றால் பின் அடித்துத் தைக்கலாம். பெரிசென்றால்... ரொம்பக் கனமான பேப்பர் வெயிட்!

தப்பித்தால் வேலை ஆரம்பம். 1949-53 மெர்க்குரி காரின் கிராங்க்கைப் போட்டால் ஸ்ட்ரோக் 3¾ அங்குலத்திலிருந்து 4 ஆகும். சிலிண்டரையும் 3 5/16 அங்குலத்துக்குக் கடைந்தால் 239 கன அங்குல எஞ்சின் 276 ஆகிவிடும். கடைவதற்கு முன்னால் சுவர் கனத்தை அளந்தாகணும். வார்க்கும்போது மணல் அச்சு நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் அப்பளம்தான்!

அடுத்தது மூச்சு. காற்றும் பெட்ரோலும் வால்வு வழியாக மேலே ஏறி, பக்கவாட்டில் திரும்பி, மூடியை உரசிக்கொண்டு சிலிண்டருக்குள் இறங்கணும். சந்துக்குள் லாரி திரும்புகிற கதை. வழியைச் சுரண்டி அகலப்படுத்தினால் மூச்சு தாராளம். ஆனால் இடம் கூடினால் கம்ப்ரஷன் குறையும். பி.காம் படித்தவனுக்கு இது சட்டென்று புரிந்துவிடும். ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று! ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு, வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே பள்ளம் பறிக்கவே வேண்டாம் என்கிறவர்கள் நிறைய. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. அதற்குமேல் அலுமினிய மூடி, இரண்டு மூன்று ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்.

இவ்வளவு செய்தும், ஆகிற செலவில் 300 குதிரைசக்திக்கு மேலே தருகிற ஷெவர்லே எஞ்சினை ரெடிமேடாகவே வாங்கலாம். சொல்லிப் பாருங்கள், முறைப்பார்கள். 1950-ல் போனவில் உப்புத் தரையில் அலெக்ஸ் ஸைடியாஸ் குழுவின் வண்டி இதே ஜாதி மெர்க்குரி எஞ்சினோடு மணிக்கு 200 மைலைத் தாண்டியதே என்பார்கள்.

கோடு விழாத பிளாக் கிடைத்த ஆசாமி, பாதி ராத்திரியில் பெண்டாட்டியை எழுப்பிச் சொன்னாலும் ஆச்சரியமில்லை!