காய்ச்சலுள்ள பிள்ளையை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்?

காலை ஏழேகால் மணி. வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பாலர் பராமரிப்பு நிலையத்தின் வாசலில் ஒரு தாய் நிற்கிறார். ஒரு கையில் மூன்று வயது மகன், மறு கையில் அலுவலகப் பை. எட்டரைக்கு அவர் ராஃபிள்ஸ் பிளேசில் இருக்கவேண்டும். ஆசிரியை பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் விளக்கை அடிக்கிறார். உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்க்கிறார். வெப்பமானி 38 டிகிரியைத் தாண்டிவிட்டது.

"ராத்திரி லேசா சூடு இருந்துச்சு டீச்சர். மருந்து கொடுத்தேன், இறங்கிடுச்சு. இப்ப நல்லாத்தான் விளையாடுறான்."

"மன்னிச்சிடுங்கம்மா. டாக்டர்கிட்ட காட்டிடுங்க. இன்னிக்கு எடுத்துக்க முடியாது."

சிங்கப்பூரில் எங்காவது ஒரு நிலையத்தின் வாசலில் இந்த உரையாடல் நடக்காத வேலைநாள் இருக்காது. மாதாமாதம் கட்டணம் கட்டுகிறோம், ஒரு நாள் சற்றே சூடு என்றதும் கதவைச் சாத்துகிறார்களே என்ற கோபம் பெற்றோருக்கு. விதியை மீறினால் நாளை பதில் சொல்லவேண்டியது யார் என்ற அச்சம் ஆசிரியைக்கு. இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க, பிள்ளை காலணியைக் கழற்றுவதா மாட்டுவதா என்று தெரியாமல் நிற்கிறது.

பிள்ளையைச் சேர்க்கும் நாளில் பெற்றோரிடம் ஒரு கையேடு தருவார்கள். பெரும்பாலோர் கட்டணப் பக்கத்தையும் விடுமுறைப் பக்கத்தையும் பார்த்துவிட்டு அதை அலமாரியில் வைத்துவிடுவதுண்டு. மீதிப் பக்கங்களை அவர்கள் படிப்பது இப்படி வாசலில் நின்றுதான்.

அந்த விதிகள் எல்லாம் நிலைய நிர்வாகியின் விருப்பத்துக்கு எழுதப்பட்டவை அல்ல. 1988-ஆம் ஆண்டு முதலே பராமரிப்பு நிலையங்களுக்கென்று தனிச் சட்டம் இருந்துவந்தது. பாலர் பள்ளிகள் வேறொரு சட்டத்தின்கீழ் இருந்தன. 2013-இல் பாலர்பருவ மேம்பாட்டு அமைப்பு உருவானது. 2017-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புதிய சட்டம் 2019 ஜனவரி 2-ஆம் தேதி நடப்புக்கு வந்தபோது இரண்டும் ஒரே கூரையின்கீழ் வந்தன. உரிமம் இல்லாமல் நிலையம் நடத்த முடியாது. அதிகாரிகள் வந்து சோதிக்கலாம். ஓர் ஆசிரியை எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கைச் சற்றுப் பார்க்கவேண்டும். கைக்குழந்தைகள் என்றால் 5 பேருக்கு ஒருவர். பதினெட்டு மாதத்திலிருந்து முப்பது மாதம் வரை 8 பேருக்கு ஒருவர். மூன்று வயதுப் பிள்ளைகள் என்றால் ஓர் ஆசிரியையின் பொறுப்பில் 15 பேர் வரை இருக்கலாம். "ஒரு மூலையில் படுக்க வைத்திருங்களேன், மத்தியானம் வந்து கூட்டிக்கொள்கிறேன்" என்று பெற்றோர் கேட்கும்போது இந்தக் கணக்குத்தான் குறுக்கே நிற்கிறது. காய்ச்சல் பிள்ளை மூலையில் சும்மா படுத்திருப்பதில்லை. அழும், வாந்தியெடுக்கும், தூக்கச் சொல்லும். ஓர் ஆசிரியை அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டால் மற்ற 14 பேரை யார் பார்ப்பது? நிலையத்தில் நோயுற்ற பிள்ளைக்கென ஒரு படுக்கை ஒதுக்கி வைத்திருப்பார்கள். அது பெற்றோர் வந்து சேரும்வரைக்கும்தான்.

2000-ஆம் ஆண்டு கற்றுத்தந்த பாடம்

வாயைத் திறந்து காட்டு, கையைக் காட்டு என்ற காலைச் சோதனையைப் பார்த்துச் சில தாத்தா பாட்டிகள் சிரிப்பார்கள். அதன் பின்னால் ஒரு சோகம் உண்டு. 1997-இல் சரவாக்கில் கை, கால், வாய்ப்புண் நோய் பரவியபோது பல குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் 2000-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அது சிங்கப்பூரில் பெரிய அளவில் பரவியது. இங்கும் உயிரிழப்பு நேர்ந்தது. அந்த அக்டோபரில் நாடு முழுவதும் பாலர் நிலையங்கள் மூடப்பட்டன. இப்போது நாற்பதைத் தாண்டிய பெற்றோர் பலருக்குத் தம்பி தங்கைகள் பள்ளி போகாமல் வீட்டில் அடைந்துகிடந்த அந்த நாட்கள் நினைவிருக்கும்.

இந்த நோய் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். ஆபத்து எப்போதாவதுதான் வருகிறது. என்டரோவைரஸ் 71 என்ற கிருமி காரணமாக இருந்தால் மூளையும் இதயமும் பாதிக்கப்படக்கூடும். எந்தப் பிள்ளைக்கு எது வரும் என்று வாசலில் நிற்கும் ஆசிரியையால் கண்டுபிடிக்க இயலாது. அவருக்குத் தெரிவது உள்ளங்கையில் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். அதனால் யாராக இருந்தாலும் மருத்துவரிடம் அனுப்புகிறார்.

கொப்புளம் காய்ந்த பின்னரும் பல வாரங்களுக்கு அந்தக் கிருமி பிள்ளையின் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். ஆகவேதான் அணையாடை மாற்றிய ஒவ்வொரு முறையும் ஆசிரியை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். இந்தக் கிருமியிடம் கைத்தூய்மி அவ்வளவாகப் பலிப்பதில்லை. விளையாட்டுப் பொருள்களை வெளுப்பு நீர் கலந்து கழுவி வெயிலில் உலர்த்துவதும் இதற்காகத்தான்.

இனி, பெற்றோர் வெளியே பேசிக்கொள்ளாத ஒரு விஷயம். இரவில் காய்ச்சலடித்த பிள்ளைக்குக் காலை ஆறரை மணிக்குப் பாரசிட்டமால் கொடுத்துவிட்டால், ஏழு மணிச் சோதனையில் வெப்பமானி எதையும் காட்டாது. மருந்தின் வேலை நான்கிலிருந்து ஆறு மணி நேரம். பதினோரு மணிவாக்கில் சூடு மறுபடி ஏறும். அதற்குள் அந்தப் பிள்ளை பத்துப் பேரோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கும், ஒரே களிமண்ணைப் பிசைந்திருக்கும். அனுபவமுள்ள ஆசிரியைகளுக்குப் பதினோரு மணிக் காய்ச்சல் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். தொலைபேசியில் தாயிடம் அதைச் சொல்லிக்காட்ட மாட்டார்கள்.

அந்த மேசையைத் தாண்டி, அதே நிலையத்தில், கைக்குழந்தைகளின் அறையும் இருக்கலாம். இரண்டு மாதக் குழந்தையைக்கூட அங்கே விடுகிறார்கள். தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணை பன்னிரண்டாம் மாதத்தில்தான் போடப்படுகிறது. அதுவரை அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு, பக்கத்து அறைப் பிள்ளைகள் ஊசி போட்டிருப்பதுதான். தட்டம்மை, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் சிங்கப்பூரில் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். சேர்க்கையின்போது அதற்கான சான்றைக் கேட்பதைச் சிலர் வெறும் காகித வேலையாக நினைக்கிறார்கள். அந்தத் தாள் காப்பது பெரும்பாலும் வேறொருவருடைய குழந்தையை.

கொலுசும் அரைஞாணும்

ஒரு நாளின் நடைமுறை எல்லா நிலையங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏழு மணிக்குக் கதவு திறக்கும். காலை உணவு, வெயில் ஏறுமுன் வெளியே விளையாட்டு, பாட்டு, கதை, தாய்மொழி நேரம். பிறகு குளியல், பதினொன்றரை வாக்கில் மதிய உணவு. அதன்பின் வரிசையாக மெத்தை விரித்து இரண்டு மணி நேரத் தூக்கம். சிலர் வீட்டிலிருந்து பழைய தலையணையொன்றைக் கொண்டுவருவார்கள். மலாய்க்காரர்கள் அதைப் 'பந்தால் பூசோக்' என்பார்கள், நாறும் தலையணை என்று பொருள். அது இல்லாவிட்டால் தூக்கம் வராது. வெள்ளிக்கிழமை அதையும் மெத்தை உறையையும் துவைக்க வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று மணிக்குத் தேநீர் வேளை, மாலையில் மறுபடி விளையாட்டு.

தாய்மொழி நேரத்தில் தமிழ்ப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பது தனியாகப் பேசவேண்டிய பொருள். தமிழ் ஆசிரியை இல்லாத நிலையங்கள் பல. அங்கே நம் பிள்ளைகள் மாண்டரின் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்து பாட்டியிடம் எண்களைச் சீனத்தில் ஒப்பிக்கிறார்கள். கல்வி அமைச்சு 2014 முதல் நடத்திவரும் பாலர் பள்ளிகளில் தமிழ் உண்டு. ஆனால் அவை ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குரியவை. மொழி ஊறும் வயது அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே தமிழ் உண்டா என்று கேட்கும் பெற்றோர் கூடினால்தான் ஆசிரியைகளும் கூடுவார்கள்.

தமிழ்க் குடும்பங்களோடு உரசும் விதி இன்னொன்றும் உண்டு, நகை. கொலுசு, வளையல், கழுத்தில் கறுப்புக் கயிறு, இடுப்பில் அரைஞாண். திருஷ்டிக்கென்று பாட்டி கட்டியதை ஆசிரியை கழற்றிக் கொடுத்தனுப்பினால் வீட்டில் அன்று இரவு பேச்சு வளரும். கொலுசு மணி உதிர்ந்தால் ஒன்றரை வயதுப் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும். கழுத்துக் கயிறு தூக்கத்தில் எதிலாவது மாட்டிக்கொண்டால் நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆசிரியைக்குக் கயிற்றின்மேல் கோபம் எதுவும் கிடையாது. வீட்டில் ஒரு குழந்தையை நான்கு கண்கள் பார்க்கின்றன, இங்கே நிலைமை வேறு.

பிள்ளையை மாலையில் யார் அழைத்துச் செல்லலாம் என்பதிலும் மனத்தாங்கல் வருவதுண்டு. பதிவில் பெயர் இல்லாவிட்டால் சொந்தத் தாய்மாமனே வந்தாலும் விடமாட்டார்கள். பிள்ளை "மாமா!" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாலும், தாயோ தந்தையோ உறுதிசெய்யும்வரை காத்திருக்கவேண்டும். அவமானமாகத்தான் இருக்கும். மணமுறிவு வழக்கு நடக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் அதே நிலையத்தில் இருக்கிறார்கள் என்பதை அந்த மாமா அறிந்திருக்க நியாயமில்லை.

"சேட்டை பண்ணினா ரெண்டு போடுங்க டீச்சர், நாங்க ஒண்ணும் கேட்க மாட்டோம்." ஆசிரியைக்கு மரியாதை தருவதாக எண்ணி நம்மவர்கள் இன்னும் இப்படிச் சொல்வதுண்டு. அந்த அனுமதிக்கு மதிப்பில்லை. அடிப்பது, பிடித்து உலுக்குவது, மற்றவர் முன் இழிவுபடுத்துவது, சாப்பாடு தராமல் தண்டிப்பது எல்லாமே விதிப்படி தடைசெய்யப்பட்டவை. 2023-இல் ஒரு நிலையத்தில் குழந்தைகள் முரட்டுத்தனமாக நடத்தப்பட்ட காணொளி பரவி நாடே அதிர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் எல்லாப் பாலர் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமரா கட்டாயமாகியிருக்கிறது. கேமரா நடந்ததைக் காட்டும். நடக்காமல் தடுப்பது ஆள்பலமும் ஓய்வும்தான். தூங்கும் பிள்ளைகளின் பக்கத்தில் அமர்ந்து பதிவேடு எழுதிக்கொண்டே சோற்றை விழுங்கும் ஆசிரியைக்குக் கேமரா உதவி செய்யாது.

ஆறு நாள் விடுப்பு

மீண்டும் அந்தக் காலை வாசலுக்கு. ஆசிரியை சொன்னது சரி. அதனால் தாய் சொன்னது தவறாகிவிடுமா?

ஏழு வயதுக்குட்பட்ட, சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளையின் பெற்றோருக்குத் தலா ஆண்டுக்கு 6 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. 2004-இல் 2 நாளாக இருந்தது, 2008-இல் 6 ஆனது. வீட்டில் ஒரு பிள்ளை இருந்தாலும் மூன்று இருந்தாலும் அதே 6 நாள். சிறு பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு எட்டு, பத்து முறை சளி, காய்ச்சல் வருவது இயல்பு என்பார்கள் மருத்துவர்கள். நிலையத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் சொல்லவே வேண்டாம். கை, கால், வாய்ப்புண் நோய் ஒருமுறை வந்தாலே ஒருவருடைய விடுப்பு தீர்ந்துவிடுகிறது. தம்பிக்கும் தொற்றினால் மற்றவருடையதும் போயிற்று. அப்புறம் ஆண்டு விடுப்பு, அப்புறம் சம்பளமில்லா விடுப்பு, அப்புறம் பினாங்கிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ பாட்டியை வரவழைப்பது. தாத்தா பாட்டி அருகில் இல்லாதவர்களும், நாள் கூலிக்கு வேலை பார்ப்பவர்களும்தான் அந்த ஆறரை மணி மருந்தை நாடுகிறார்கள். அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது.

நிலையத்தின் விதிகள், காலை எட்டு மணிக்கு வீட்டில் பெரியவர் ஒருவர் ஓய்வாக இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவைபோல் இருக்கின்றன. அலுவலக விதிகளோ பிள்ளைக்குக் காய்ச்சலே வராது என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. இரண்டும் மோதிக்கொள்ளும் இடம் நிலையத்தின் வாசல். முதலாளி அங்கே நிற்பதில்லை. ஆகவே பெற்றோரின் கோபம் முழுவதும் ஆசிரியைமேல் இறங்குகிறது. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு விண்ணப்பித்தால் முதலாளி அதை முறையாகப் பரிசீலிக்கவேண்டும் என்ற முத்தரப்பு வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அது உதவலாம். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குத் திடீரென்று வரும் காய்ச்சலுக்கு விண்ணப்பம் எழுத நேரமில்லை. "இன்னிக்குப் பிள்ளைக்கு முடியல" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் முகம் சுளிக்காத மேலாளர் அமைவதைப் பொறுத்தே பல குடும்பங்கள் ஓடுகின்றன.

மாலையிலும் இதே ஓட்டம். கதவு மூடுவது ஏழு மணிக்கு. தாமதமானால் கூடுதல் கட்டணம். எம்ஆர்டி ரயில் நின்றுவிட்டது என்று காரணம் சொன்னாலும் பெரும்பாலும் கட்டித்தான் ஆகவேண்டும். ஆறு ஐம்பதுக்கு ஒரேயொரு பிள்ளை மட்டும் பையை மாட்டிக்கொண்டு, காலணி போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கதவருகில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் ஆசிரியை. அவர் நொடிக்கொருதரம் கடிகாரத்தைப் பார்ப்பது எரிச்சலில் என்று ஓடிவரும் தாய்க்குத் தோன்றலாம். அந்த ஆசிரியையின் மகளும் நான்கு புளோக் தள்ளி இன்னொரு நிலையத்தில் இதேபோல் காலணி போட்டுக்கொண்டு காத்திருக்கலாம். அங்கேயும் ஏழு மணிக்குத்தான் கதவு மூடுகிறது.