தோட்டத்துத் தீபாவளியும் முற்பணமும்

மலைநாட்டுத் தோட்டங்களுக்குத் தீபாவளி ஐப்பசி மழையோடுதான் வருகிறது. அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் அந்நாட்களில் பிற்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும். முறுக்குக்கு இடித்த மாவை வெயிலில் உலர்த்த இயலாது. அடுப்பங்கரைச் சூட்டிலேதான் உலர்த்தவேண்டும்.

பண்டிகைக்கு முதல்நாளும் தொழிலாளர் பலர் மலைக்குச் செல்கின்றனர். ஒரு நாள் வேலையை அவர்கள் 'ஒரு பேர்' என்பர். பேர் குறைந்தால் சம்பளம் குறையும். மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் பெண்ணுக்கு அதன் பின்னரே பண்டிகை வேலை தொடங்குகிறது. வீடு மெழுகவேண்டும், பலகாரம் சுடவேண்டும், பிள்ளைகளைக் குளிப்பாட்ட விடியுமுன் வெந்நீர் வைக்கவேண்டும். பண்டிகையின் பாரம் அவள் தோளிலேதான் மிகுதியும் விழுகிறது. இதனைப் பேசுவோர் குறைவு.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்களின் தொகுதி. நடுவே ஒரு சுவர்தான். ஆகவே, ஒரு வீட்டில் எண்ணெய் காய்ந்தால் லயம் முழுவதும் அறியும். பெரிய இரும்புச் சட்டி கைமாறிக் கைமாறிப் போகும். அவ்வாண்டில் சாவு நேர்ந்த வீட்டில் பலகாரம் சுடுவதில்லை. அண்டை வீட்டாரும் உறவினரும் கொண்டுபோய்க் கொடுப்பர். கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் வேலை பார்க்கும் இளைஞரும் யுவதிகளும் அன்றிரவுதான் வந்துசேர்கின்றனர். 1884இல் அட்டனை எட்டிய இரயில் பாதை தோட்ட விளைபொருளை இறக்குவதற்காக மலையேறியது. இன்று இப்பிள்ளைகளை வீடு சேர்ப்பதும் அதுவே. பஸ்களிலோ நிற்கவும் இடமிராது. இஸ்தோப்பில் காத்திருக்கும் தாய்க்குப் பை நிறையத் துணி வருவதைவிடப் பிள்ளை வருவதே பெரிது.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தீபாவளி முற்பணத்திலிருந்துதான். தோட்ட நிர்வாகம் பண்டிகைக்கு முன் ஒரு தொகையைக் கொடுத்து, பின்னர்ச் சம்பளத்தில் மாதந்தோறும் தவணையாகக் கழித்துக்கொள்கிறது. அது போனஸ் அன்று, நன்கொடையும் அன்று. தொழிலாளி தன் நாளைய உழைப்பின்மீது வாங்கும் கடன். எவ்வளவு கிடைக்கும், எப்பொழுது கிடைக்கும் என்பது ஆண்டுதோறும் பேச்சாகிறது. தாமதமாகக் கிடைத்தால் அட்டன் கடைவீதியில் மலிந்த துணி முடிந்து, விலை கூடியதே எஞ்சியிருக்கும். 2021ஆம் ஆண்டில்தான் நாட்சம்பளம் 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது என்பதை நினைத்தால், ஒரு குடும்பத்துக்கு ஆடை எடுக்க முற்பணம் ஏன் இன்றியமையாததாயிற்று என்பது விளங்கும்.

முற்பணம் என்ற சொல்லும் இம்மக்களுக்குப் புதியதன்று. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து அவர்களின் முன்னோர் கங்காணிகளின் பின்னே புறப்பட்டபோதே, வழிச்செலவு கடனாக அவர்கள் பேரில் எழுதப்பட்டது. பின்னர்த் 'துண்டு' முறை வந்தது. இத்தொகையைச் செலுத்தினால் இக்கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விட்டுவிடுவோம் என்று தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. வேறு தோட்டம் அக்கடனை ஏற்றால்தான் கூட்டம் இடம் மாறலாம். அம்முறை சட்டத்தால் ஒழிந்து நெடுங்காலமாயிற்று. ஆயினும் கடன் வாங்கி வாழ்வைத் தொடங்கிய சமூகம் கடன் வாங்கியே பண்டிகையையும் கொண்டாடுகிறது.

இன்னொரு பிரிவும் இந்நாளில் நினைவுக்கு வரும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது தீபாவளிக்கு ஒரு வாரங்கூட இருக்கவில்லை. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என அதில் கணக்கிட்டார்கள். அண்ணன் நீலகிரியிலும் தம்பி அட்டனிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. மூத்தோர் பலர் அதன்பின் ஒருவரையொருவர் காணாமலே மறைந்தனர். முன்னோருக்குப் படையலிடும் வீடுகளில், கடல் கடந்து மறைந்தோர் பெயரையும் சொல்லியே இலை போடுகின்றனர்.

விடிந்ததும் நல்லெண்ணெய்க் குளியல், புத்தாடை, கோயில். பிள்ளைகள் தட்டேந்தி அத்தை வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் ஓடுவர். இரண்டொரு நாளில் கொழும்புப் பிள்ளைகள் முறுக்குப் பொட்டலத்தோடு மீண்டும் பஸ் ஏறுகின்றனர். பிரட்டுக்களத்தில் மறுபடியும் பேர் பதியப்படுகிறது. பின்னர் வரும் சம்பளச் சீட்டுகளில், மற்றக் கழிவுகளோடு முற்பணத் தவணையும் ஒரு வரியாக இருக்கும்.