ரோட்டோரப் பண்ணை

செயல்விளக்கத் திடல் போடுவதற்கு எங்கள் வேலையில் எழுதாத விதி ஒன்று உண்டு. தார் ரோட்டை ஒட்டி இருக்க வேண்டும். கொல்லை எப்படிப்பட்டது, சித்திரையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா, பயிர் வைக்கிறவருக்கு அக்கறை உண்டா என்பதெல்லாம் அப்புறம். மேலிருந்து வருகிற அதிகாரி ஜீப்பில் உட்கார்ந்தபடியே போர்டைப் படித்துவிட வேண்டும். வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர்ப் பக்கம் உதவி வேளாண்மை அலுவலராக அலைந்து ஓய்வு பெற்றவன் நான். மலையடிவாரத்தில் கேழ்வரகை அருமையாக விளைவித்தவர்களை விட்டுவிட்டு, ரோட்டோரத்துக் களர் நிலத்தில் போர்டு நட்ட கதை எங்கள் தலைமுறையில் எல்லாரிடமும் இருக்கும்.

இந்தப் பழக்கத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். இதன் மூலக்கிழங்கைத் தேடிப் போனால் சைதாப்பேட்டையில் கொண்டுபோய் விடும்.

இன்றைக்குச் சைதாப்பேட்டையில் ஒரு நாற்றங்கால் போடக்கூட இடம் இல்லை. 1860-களில் அது சென்னைப் பட்டணத்துக்கு வெளியே, செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர். நெசவாளர் வீடுகள், அடையாற்றங்கரை, மர்மலாங் பாலம், பரங்கிமலைக்குப் போகும் மவுண்ட் ரோடு. ஆற்றைத் தாண்டினால் கிண்டியில் கவர்னரின் தோட்ட மாளிகை. அந்தக் கவர்னர் வில்லியம் டெனிசன். படிப்பால் ராணுவப் பொறியாளர். டாஸ்மேனியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் கவர்னராக இருந்துவிட்டு 1861-இல் சென்னைக்கு வந்தவர். நம் ரயத்துகள், அதாவது குடியானவர்கள், நாட்டுக் கலப்பையால் கீறுகிற கீறலைப் பார்த்தார், இரும்பைக் கொடுத்தால் இந்த நாடு செழிக்கும் என்று முடிவு கட்டினார். சீமையிலிருந்து நீராவி ஏர் உட்படப் பண்ணைக் கருவிகள் கப்பலில் வந்தன. அவற்றை ஓட்டிக் காட்ட ஒரு இடம் வேண்டுமே, அதற்குத்தான் கவர்னர் மாளிகைக்கும் மவுண்ட் ரோட்டுக்கும் பக்கத்திலேயே சைதாப்பேட்டைப் பண்ணை.

நீராவி ஏர் எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தால்தான் அது இங்கே ஏன் நிற்கவில்லை என்பது விளங்கும். இன்றைய டிராக்டர் மாதிரி எஞ்சின் கழனிக்குள் ஓடாது. வரப்பில் ஒரே இடத்தில் நிற்கும். அதன் வயிற்றுக்கடியில் ஒரு பெரிய உருளை, அதில் சுற்றிய இரும்புக் கம்பிவடம். அந்த வடம்தான் கலப்பையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுக்கும். இதற்கு நிலக்கரி வேண்டும், கொதிகலனுக்குத் தண்ணீர் வேண்டும், நடுவில் வரப்பே இல்லாமல் நீண்டு கிடக்கிற நிலம் வேண்டும். நம் ஊரில் அண்ணன் தம்பி பாகம் பிரித்த அரை ஏக்கரில் நடுவே ஒரு பனைமரம், ஓரத்தில் ஒரு குலசாமிக் கல், அதைச் சுற்றிக்கொண்டு ஒரு வாய்க்கால். வடம் எந்தப் பக்கம் போகும்?

மாடு இழுக்கும் சீமை இரும்புக் கலப்பையின் கதையும் ஏறக்குறைய அதுதான். அது மண்ணை ஆழமாகப் பிளந்து புரட்டிப் போடும். புரட்டிய மண்ணில் வெயில் பட்டால் ஈரம் ஓடிவிடும். ஒரே ஒரு மழையை நம்பி மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கிறவனுக்கு அந்த ஈரம்தான் முதலீடு. நாட்டுக் கலப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போகலாம், கொழு தேய்ந்தால் ஊர்க் கொல்லரே அடித்துக் கொடுப்பார், மேழியும் ஏர்க்காலும் வேலியோரத்துக் கருவேலமரத்தில் கிடைக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மானியத்தில் வந்த இரும்புக் கலப்பை ஒன்றைப் பெரியவர் ஒருவரிடம் புகழ்ந்து பேசினேன். தூக்கிப் பார்த்து எடை போட்டவர் கேட்டார்: "நல்லாத்தான் சார் இருக்கு. இத இழுக்கிற மாட்டையும் சேத்து மானியத்துல குடுப்பீங்களா?"

சைதாப்பேட்டையில் பண்ணையை நிர்வகித்த ராபர்ட்சன் இதே கேள்வியை வேறு வேறு வாயிலிருந்து கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அங்கே மண்ணும் கைகொடுக்கவில்லை. மணற்பாங்கான ஆற்றோரத்து நிலம். தஞ்சாவூர் வண்டலுக்கோ கோயில்பட்டிக் கரிசலுக்கோ எங்கள் செம்மண்ணுக்கோ அங்கே விளைந்தது எப்படிச் சாட்சி சொல்லும்? பண்ணை ஓடிக்கொண்டிருக்கும்போதே தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876-க்கும் 1878-க்கும் இடையில் லட்சக்கணக்கில் செத்தார்கள். கலப்பை இல்லாமல் சாகவில்லை. மழை பொய்த்தது, இருந்த தானியம் விலையேறி எட்டாத உயரத்துக்குப் போனது. பஞ்ச விசாரணைக் கமிஷன் வந்து போன பிறகுதான் சென்னை மாகாணத்துக்கென்று விவசாய இலாகா முளைத்தது, 1882-இல்.

இன்னும் சில ஆண்டு கழித்து, இந்திய விவசாயத்தைப் பார்த்துவர லண்டனிலிருந்து ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண் வேதியியலாளரை அனுப்பினார்கள். நாடு முழுக்கச் சுற்றி 1893-இல் அறிக்கை கொடுத்தார். அவர் சொன்னதன் சாரம்: இந்திய ரயத்து சராசரி ஆங்கில விவசாயிக்குக் குறைந்தவனில்லை, சில விஷயங்களில் ஒரு படி மேல், அவனுக்குத் தட்டுப்பாடு எருவிலும் தண்ணீரிலும்தான். டெனிசன் காலத்து நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. சாணத்தை ஏன் எரிக்கிறார்கள், எரிக்க விறகு இல்லாததால்தானே என்று கேட்டவர் அவர். அந்த ஒரு கேள்விக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

அப்படியானால் சைதாப்பேட்டை வீணா என்றால், இல்லை. கலப்பை போகாத இடத்துக்கு அங்கிருந்து படிப்பு போனது. 1868-இல் அங்கே தொடங்கிய விவசாயப் பள்ளியிலிருந்துதான் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் வயதைக் கணக்கிடுகிறது. 1906-இல் படிப்பு கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. அங்கே விதவிதமான மண் இருந்தது. 1971-இல் கல்லூரி பல்கலைக்கழகமானது. சைதாப்பேட்டையைப் பட்டணம் விழுங்கியது. 1940-களில் அது மாநகராட்சிக்குள்ளேயே வந்துவிட்டது.

ஆனால் ரோட்டோரப் புத்தி இடம் மாறும்போது கூடவே வந்துவிட்டது. பின்னாளில் இயற்கை விவசாயத்துக்குப் பேர்போன நம்மாழ்வார் 1963-இல் கோயில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மானாவாரி விவசாயிக்கு எட்டாத வீரிய விதையையும் உரத்தையும் போட்டு அரசுப் பண்ணைக்குள் சோதனை நடப்பதைப் பார்த்து, இதனால் வேலிக்கு வெளியே இருப்பவனுக்கு என்ன என்று கேட்டார். பதில் கிடைக்காமல் 1969-இல் வெளியேறினார். சைதாப்பேட்டைக்கு ஏறக்குறைய நூறு வருடம் கழித்து அதே கேள்வி.

பண்ணையும் போர்டும் இல்லாமல் விதை எப்படிப் பரவுகிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு வெள்ளிக்கிழமை ஒடுகத்தூருக்கு வாருங்கள். விடியுமுன்னே ஆட்டுச்சந்தை கூடிவிடும். ஆடு விற்க ஜவ்வாது மலையிலிருந்து இறங்கியவரும், வாங்க வந்த கழனிக்காரரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது பயிரைப் பற்றித்தான். டி.எம்.வி. 7 என்ற மல்லாட்டை ரகம் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1967-இல் வெளியானது. எங்கள் பக்கம் அதைப் பரப்பிய புண்ணியம் பாதிக்கு மேல் எங்களுக்கில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு மரக்கால், பங்காளி வீட்டிலிருந்து ஒரு மரக்கால் என்று அது தானே நடந்து வந்தது. எந்த வீட்டிலும் போர்டு கிடையாது.

பல்கலைக்கழகமே விவசாயியின் கழனிக்குள் இறங்கி வந்த காரியம் ஒன்றும் எங்கள் மாவட்டத்தில் நடந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கு. அந்தத் தீர்ப்பில் ஒரு எண் வருகிறது: தோல் பட்டறைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ். அந்த ஆய்வைச் செய்தது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம். கழனிகள் எப்படிக் கெட்டன என்று விவசாயிகள் எத்தனையோ வருடம் சொன்னது மனுவாகவே கிடந்தது, ஹெக்டேர் கணக்கானதும் நீதிமன்றத்தில் ஏறியது.

இப்போது விரிஞ்சிபுரத்தில் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. உங்கள் கழனியின் கணக்கையும் அங்கே கேட்டுப் பார்க்கலாம். ஆனால் மண் பரிசோதனைக்குக் கொண்டு போகிறவர்கள் பலர் வரப்போரம் ஒரு பிடி அள்ளிப் பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். அது வேலைக்காகாது. எருக்குழி, வரப்பு, மரநிழல் இவற்றை விட்டுத் தள்ளி, கொல்லையில் பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவத்தில் அரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். போன தடவை என்ன பயிர், அடுத்து என்ன வைக்கப் போகிறீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிப் பைக்குள் போட மறக்காதீர்கள்.