தனியே பயணிக்கும் பெண்கள்: மாறிவரும் விமான, ரயில் சேவைகள்

புது டெல்லி: விமானத்தில் பக்கத்து இருக்கையில் அமர்பவர் யார் என்பது, தனியே பயணிக்கும் பெண்ணுக்கு ஏறிய பின்னரே தெரியவரும். இந்நிலையை மாற்ற, இண்டிகோ நிறுவனம் 2024 மே மாதம் புதிய வசதியை அறிமுகப்படுத்தியது. இணையவழி செக்-இன் செய்யும்போது, மற்றப் பெண்கள் பதிவு செய்துள்ள இருக்கைகள் பெண் பயணிகளுக்கு மட்டும் காட்டப்படுகின்றன. முன்னதாக, 2017-இல் ஏர் இந்தியா உள்நாட்டு விமானங்களில் 6 இருக்கைகளைப் பெண்களுக்கென ஒதுக்கியது. அங்கு இடத்தை முடிவு செய்தது நிறுவனம். இங்கு தேர்வு பயணியுடையது.

ஆனால், பெரும்பாலான பெண்கள் நாடுவது ரயிலைத்தான். தொலைதூர மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களின் ஸ்லீப்பர் வகுப்பில் 6 படுக்கைகள் பெண்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. இதைப் பெற, ஐஆர்சிடிசி தளத்தில் 'பொது' என்பதற்குப் பதிலாக 'மகளிர்' ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எளிதில் கண்ணில் படாத இடம் அது.

2020 அக்டோபரில் அனைத்து ரயில்வே மண்டலங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்ட 'மேரி சஹேலி' (என் தோழி) திட்டத்தின்கீழ், ரயில்வே பாதுகாப்புப் படையின் பெண் காவலர்கள் புறப்படும் நிலையத்தில் தனியே செல்லும் பெண்களைச் சந்தித்து, இருக்கை எண்ணைக் குறித்துக்கொள்கின்றனர். வழியிலுள்ள நிலையங்களில் காவலர்கள் அப்பெட்டியைக் கண்காணிக்கின்றனர். அவசர உதவிக்கு 139 என்ற எண்ணை அழைக்கலாம்.

பயணச்சீட்டு இல்லாவிட்டாலும், தனியே வரும் பெண்ணை இரவில் ரயிலிலிருந்து இறக்கிவிட ரயில்வே சட்டம் (1989) அனுமதிப்பதில்லை. பகலிலும் சந்திப்பு, மாவட்டத் தலைநகரம் போன்ற குறிப்பிட்ட நிலையங்களில் மட்டுமே இறக்கிவிட முடியும். இவ்விதி பயணிகள் பலருக்குப் புதிதாக இருக்கக்கூடும்.

நிலையத்துக்கு வெளியே இந்தப் பாதுகாப்பு தொடர்வதில்லை. நள்ளிரவில் விடுதியைத் தேடிச் செல்வோர், சுற்றுலா அமைச்சகத்தின் 1363 என்ற 24 மணி நேர உதவி எண்ணை அழைக்கலாம். 2016-இல் 12 மொழிகளில் தொடங்கப்பட்ட அச்சேவையில் இந்தி, ஆங்கிலத்துடன் 10 வெளிநாட்டு மொழிகள் இருந்தன, தமிழ் இடம்பெறவில்லை.