ஹிட்டாச்சி கிரைண்டர் ஹைகோகி ஆனது எப்படி? நம்பி வாங்கலாமா?

அதியமான்கோட்டையில் கிரில் பட்டறை வெச்சிருக்கிற ஒரு நண்பரோட கேள்வி: "என் ஹிட்டாச்சி ஆங்கிள் கிரைண்டர் பல வருஷமா ஓடுது. இப்போ கடையில ஹைகோகின்னு ஒண்ணு தர்றாங்க. டூப்ளிகேட்டா சார்?"

இல்லீங்க. ஹிட்டாச்சி கோக்கி கம்பெனியில் தன்கிட்ட இருந்த பாதிக்கும் மேலான பங்கை, 2017ல் கேகேஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு ஹிட்டாச்சி வித்திடுச்சு. அதனால 2018ல் பேர் ஹைகோகின்னு மாறுச்சு. கம்பெனி பழையதுதான், முதலாளிதான் புதுசு.

கை மாறினாலே தரம் போயிடும்னு சொல்ல முடியாது. மில்வாக்கியை 2005ல் ஹாங்காங்கின் டிடிஐ வாங்கின பிறகுதான் அது பேட்டரி டூல்ஸ்ல பெருசா வளர்ந்துச்சு. ஆனா டிடிஐ டூல்ஸ் கம்பெனி. கேகேஆர் மாதிரி நிறுவனங்க வாங்குறதே பின்னாடி லாபத்துக்கு விக்கத்தான். நடுவுல செலவைக் குறைச்சா, நமக்கு முதல்ல அடி விழுறது ஸ்பேர்ஸ், சர்வீஸ்லதான் (இது என் கணிப்பு).

அதனால வாட்ஸ் கேக்கறதுக்கு முன்னாடி, ஆர்மேச்சரும் கார்பன் பிரஷ்ஷும் தர்மபுரியிலயே கிடைக்குமான்னு கேளுங்க. சேலம் போய்த்தான் வாங்கணும்னா, அந்த ஒரு நாள் கூலியையும் கிரைண்டர் விலையோட கூட்டிப் பாருங்க. பழைய மெஷினை உடனே தூக்கிப் போட வேண்டாம். மாடல் நம்பரை போட்டோ எடுத்துட்டுப் போய், ஹைகோகி ஸ்பேர் சேருமான்னு முதல்ல விசாரிங்க.